கன்டெய்னருக்குக் காவல் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

தென்காசிப் பக்கத்துப் பையனோ பெண்ணோ கணினி படித்து முடித்தால், முன்பெல்லாம் அடுத்த வேலை பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் எடுப்பதுதான். 2011-இல் ஜோஹோ இங்கே அலுவலகம் தொடங்கியபின் அது மாற ஆரம்பித்தது. ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இந்த மண்ணில் உருவாகி உலகம் முழுக்க விற்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களைக் கட்டணமில்லாமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஜோஹோ ஸ்கூல்ஸ் இங்கேயும் நடக்கிறது. ஆய்க்குடியில் ஜே.பி. பொறியியல் கல்லூரி, குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி என்று படிக்கும் இடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. வீட்டு மாடியில் உட்கார்ந்து வெளியூர் நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்களும் பெருகிவிட்டார்கள்.

இப்படி வேலைக்குள் நுழைபவர்களுக்கு நிரல் எழுதத் தெரிகிறது. அதை இமேஜாகக் கட்டி டாக்கரில் கன்டெய்னராக ஓட்டவும் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். ‘இந்தக் கன்டெய்னரை எந்தப் பாதுகாப்பு புரொஃபைலோடு தொடங்கினாய்?’ என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகிறது. பெரும்பாலான பயிற்சிகள் இதைக் கடைசிப் பாடமாக வைத்து, நேரமில்லை என்று விட்டுவிடுகின்றன. முதல் மாதத்திலேயே கற்க வேண்டிய பாடம் இது. இதற்கு மாநகரமும் வேண்டாம், கட்டண வகுப்பும் வேண்டாம். உபுண்டு போட்ட ஒரு பழைய லேப்டாப் போதும்.

ஒரே வளவு, ஒரே கிணறு

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். கன்டெய்னர் என்பது தனிக் கணினி இல்லை. நம்மூர்ப் பழைய வளவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குடித்தனங்கள் தனித்தனி, கதவுகளும் தனித்தனி, ஆனால் கிணறு ஒன்றுதான். கன்டெய்னர்கள் எத்தனை ஓடினாலும் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் ஒன்றே. ஒரு கன்டெய்னருக்குள் புகுந்த திருடன் அந்தக் கெர்னலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தால், மற்றக் கன்டெய்னர்களுக்கும் அவை ஓடும் சர்வருக்கும் சேர்த்து ஆபத்து.

கன்டெய்னருக்குள் இருக்கும் நிரல் கெர்னலிடம் எதைக் கேட்கலாம், எந்தக் கோப்பைத் தொடலாம் என்று வரையறுக்கும் விதித்தொகுப்பே பாதுகாப்பு புரொஃபைல். அதை அமல்படுத்துவது கெர்னல். கன்டெய்னருக்குள் ரூட்டாகவே இருந்தாலும் இந்த விதியை மீற முடியாது.

களத்தில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். செக்காம்ப், சிஸ்டம் கால்களை, அதாவது நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை, வடிகட்டுவது. 2005-இல் கெர்னலுக்குள் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வடிகட்டி வடிவம் 2012-இல் லினக்ஸ் 3.5-உடன் வந்தது. ஆப்ஆர்மர், எந்தப் பாதையில் உள்ள கோப்பை எந்த நிரல் தொடலாம் என்று கோப்புப் பாதையை வைத்துக் கட்டுப்படுத்துவது. 2010 முதல் கெர்னலின் அங்கமாக இருக்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் இதுதான் இயல்பாக ஓடுகிறது. எஸ்இலினக்ஸ், பாதையைப் பார்க்காமல் கோப்புக்கும் நிரலுக்கும் ஒட்டிய லேபிளைப் பார்ப்பது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்டது. ரெட் ஹாட், ஃபெடோரா குடும்பத்தில் இதுவே வழக்கம். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உபுண்டு சர்வரா, ரெட் ஹாட் வகையா என்று பார்த்து, செக்காம்ப்போடு மற்ற இரண்டில் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும்.

எதையும் சொல்லாமல் கன்டெய்னரைத் தொடங்கினால் டாக்கர் தானாகவே ஓர் எளிய காவலைப் போட்டுவிடும். 2016-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து இயல்பான செக்காம்ப் புரொஃபைல் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்களில் ஏறத்தாழ 44-ஐ அது அடைத்துவிடுகிறது. உபுண்டுவில் ‘டாக்கர்-டிஃபால்ட்’ என்ற ஆப்ஆர்மர் புரொஃபைலும் சேர்ந்துகொள்ளும். மவுண்ட் செய்வதை அது மறுக்கும். புரோக் கோப்பகத்தில் உள்ள ஆபத்தான சில இடங்களைத் தொடவும் விடாது.

44 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். 2022 ஜனவரியில் சிவிஇ-2022-0185 என்ற கெர்னல் ஓட்டை வெளியானபோது அதன் மதிப்பு தெரிந்தது. அந்த ஓட்டையைப் பயன்படுத்த, தாக்குபவர் முதலில் ‘அன்ஷேர்’ என்ற சிஸ்டம் காலை அழைத்துக் கூடுதல் அதிகாரம் பெற வேண்டும். டாக்கரின் இயல்பான செக்காம்ப் புரொஃபைல் அந்த அழைப்பையே தடுத்தது. பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸிலோ செக்காம்ப் இயல்பாகப் போடப்படுவதில்லை. அங்கே அதே கன்டெய்னர் திறந்து கிடந்தது. அடுத்த சில வாரங்களில் வெளியான சிவிஇ-2022-0492 விஷயத்திலும் இதுவே கதை: ஆப்ஆர்மரோ எஸ்இலினக்ஸோ செக்காம்ப்போ போட்டிருந்த கன்டெய்னர்கள் தப்பின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டாக்கருக்கு அடியில் கன்டெய்னரைத் தொடங்கும் கருவி ரன்சி. 2019 பிப்ரவரியில் வெளியான அதன் ஓட்டையை, அதாவது சிவிஇ-2019-5736-ஐ, இயல்பான ஆப்ஆர்மர் புரொஃபைல் தடுக்கவில்லை. அங்கே காப்பாற்றியது, கன்டெய்னரின் ரூட்டைச் சர்வரில் சாதாரணப் பயனராக்கும்படி சரியாக அமைத்த யூசர் நேம்ஸ்பேஸ். புரொஃபைல் போட்டுவிட்டோம் என்று ரன்சியையும் கெர்னலையும் புதுப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது.

முதல் பயிற்சி

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றின் சரியான வடிவம் டாக்கர், ஆப்ஆர்மர் கையேடுகளில் கிடைக்கும். விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸில் ஓர் உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஆப்ஆர்மர் பாடம் ஆப்ஆர்மர் இயங்கும் லினக்ஸ் கெர்னலில்தான் ஒழுங்காக விளங்கும்.

‘டாக்கர் இன்ஃபோ’ கொடுத்துப் பாதுகாப்பு விருப்பங்கள் என்ற பகுதியைப் பாருங்கள். ஆப்ஆர்மர், செக்காம்ப் இரண்டும் அங்கே தெரிய வேண்டும். பிறகு ‘ஏஏ-ஸ்டேட்டஸ்’ கொடுங்கள். கெர்னலுக்குள் ஏற்றப்பட்டிருக்கும் புரொஃபைல்கள் எவை, எது அமலாக்க நிலையில் இருக்கிறது, எது புகார் நிலையில் இருக்கிறது என்று அது சொல்லும். அமலாக்க நிலை மீறலைத் தடுக்கும். புகார் நிலை விட்டுவிட்டு லாக்கில் எழுதும்.

இனி என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வருக்குச் சொந்தமாக ஒரு புரொஃபைல் எழுதிப் பாருங்கள். நெட்வொர்க்கைப் பயன்படுத்தலாம், தன் அமைப்புக் கோப்புகளைப் படிக்கலாம், லாக் கோப்பகத்தில் எழுதலாம் என்று அது செய்ய வேண்டியதை மட்டும் அனுமதியுங்கள். கோப்பை எட்ஸி கோப்பகத்துக்குள் இருக்கும் ‘ஆப்ஆர்மர்.டி’-யில் வையுங்கள். ‘ஆப்ஆர்மர்_பார்சர்’ கட்டளையால் கெர்னலுக்குள் ஏற்றுங்கள். அதன்பின் ‘டாக்கர் ரன்’ கட்டளையில் ‘செக்யூரிட்டி-ஆப்ட்’ என்ற விருப்பத்தோடு ‘ஆப்ஆர்மர்’ என்று எழுதி, சமக்குறி போட்டு, உங்கள் புரொஃபைலின் பெயரைக் கொடுத்துத் தொடங்குங்கள்.

இந்த வரிசை மாறினால் குழப்பம் வரும். புரொஃபைலை ஏற்றாமல் கன்டெய்னரைத் தொடங்கினால் ‘அப்படி ஒரு கோப்போ கோப்பகமோ இல்லை’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும். புதியவர்கள் அதைப் பார்த்துவிட்டு இமேஜுக்குள் கோப்பைத் தேடத் தொடங்குவார்கள். கோப்பு எதுவும் காணாமல் போகவில்லை; அந்தப் பெயரில் கெர்னலில் புரொஃபைல் இல்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. இதே பிழை சர்வரை ரீபூட் செய்த பிறகும் வரும். புரொஃபைலை யாரோ தன் ஹோம் கோப்பகத்தில் வைத்துக் கையால் ஏற்றியிருப்பார். ரீபூட்டில் அது கெர்னலிலிருந்து போய்விடும். நள்ளிரவில் கன்டெய்னர் எழாமல் கிடக்கும். ‘ஆப்ஆர்மர்.டி’-யில் நேராக வைத்தால் சர்வர் எழும்போதே ஏறிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குப் புதிதாக வேறொரு புரொஃபைலின் பெயரை மாட்ட டாக்கரில் வழி கிடையாது. நிறுத்தி, நீக்கி, புதிய விருப்பத்தோடு மறுபடி உருவாக்க வேண்டும். கன்டெய்னரைத் தொடங்கும் கட்டளையை எழுதுகிறவர்தான் அதன் காவலை முடிவு செய்கிறார். பெரும்பாலும் அந்தக் கட்டளையை எழுதுகிறவர் அணியின் இளையவர், அதாவது நீங்கள். டாக்கர் கம்போஸ் பயன்படுத்தினால் ‘செக்யூரிட்டி_ஆப்ட்’ என்ற வரியை அந்தக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்ன விதி ஆள் மாறும்போது மறந்துபோகும்.

இப்போது கொஞ்சம் கடினமான பகுதி. இணைய சர்வருக்கு ஷெல் எதற்கு என்று யோசித்து, ஷெல்லை மறுக்கும் வரியைப் புரொஃபைலில் சேர்க்கத் தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் ‘பின் எஸ்எச்’ என்ற பாதையை மறுத்தால் எதுவும் நடக்காமல் போகலாம். ஆப்ஆர்மர் பார்ப்பது சிம்பாலிக் லிங்க் போய்ச் சேரும் உண்மையான பாதையை. புதிய டெபியன் இமேஜ்களில் அது யூஎஸ்ஆர் கோப்பகத்தில் உள்ள டேஷ் என்ற நிரல். சரியான பாதையைக் கண்டுபிடித்து மறுத்தீர்கள் என்றால், அதிகாரபூர்வ என்ஜின்எக்ஸ் இமேஜ் தொடங்கவே தொடங்காது. அதன் நுழைவாயிலே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்! நுழைவாயிலை மாற்றி என்ஜின்எக்ஸை நேராக ஓடவிட வேண்டும். ஒரு மாலை நேரம் இதில் போகும், போகட்டும். தன் நிரல் உண்மையில் எதையெல்லாம் இயக்குகிறது என்று தெரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கற்கும் கட்டத்தில் புகார் நிலையிலேயே ஓடவிட்டு லாக்கைச் சேகரியுங்கள். அப்போது ‘டினை’ வரிகளை எழுதாதீர்கள். வெளிப்படையாக மறுத்த வரி புகார் நிலையிலும் தடுக்கும். போதாக்குறைக்கு லாக்கிலும் பதியாது. அது பதிய வேண்டும் என்றால் முன்னால் ‘ஆடிட்’ என்று சேர்க்க வேண்டும். இந்த ஒரு நுணுக்கம் தெரியாமல் மணிக்கணக்காக லாக்கைத் துழாவுகிறவர்கள் உண்டு.

‘அக்கா, பிரிவிலெஜ்டு போட்டா ஓடுது’

அலுவலகத்தில் உங்களைச் சோதிக்கும் நேரம் இப்படித்தான் வரும். வெள்ளிக்கிழமை மாலை. வாடிக்கையாளருக்கு அன்றே காட்ட வேண்டும். கன்டெய்னர் ‘அனுமதி இல்லை’ என்று விழுகிறது. யாரோ ஒருவர் தேடிப் பிடித்து ‘பிரிவிலெஜ்டு’ என்ற ஒரே சொல்லைச் சேர்க்கிறார், ஓடிவிடுகிறது. “அக்கா, பிரிவிலெஜ்டு போட்டா ஓடுதுக்கா. இப்போதைக்கு அப்படியே விட்டுறலாமா?”

விடக் கூடாது. அந்த ஒரு சொல் செக்காம்ப்பை நீக்குகிறது, ஆப்ஆர்மரை நீக்குகிறது, கெர்னலின் எல்லாச் சிறப்பு அதிகாரங்களையும் கொடுக்கிறது, சர்வரின் சாதனங்களையும் திறந்துவிடுகிறது. ‘அன்கன்ஃபைன்டு’ என்று போடுவது இதைவிடக் கொஞ்சம் குறைந்த கேடு. இரண்டுமே ‘இப்போதைக்கு’ என்றுதான் நுழையும். பிறகு யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் எடுத்தால் என்ன உடையும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கெர்னல் லாக்கைத் திறப்பது. ஆப்ஆர்மர் தடுத்திருந்தால் ‘டினைடு’ என்று ஒரு வரி இருக்கும். எந்தப் புரொஃபைல், எந்தச் செயல், எந்தக் கோப்பு, எந்த நிரல் கேட்டது, எந்த அனுமதி மறுக்கப்பட்டது என்று ஐந்தும் அந்த ஒரு வரியில் இருக்கும். அதை வாசித்து, அந்தக் கோப்புக்கு அந்த அனுமதியை மட்டும் கொடுங்கள். வேலை பத்து நிமிடத்தில் முடியும். ரெட் ஹாட் வகை சர்வரில் வால்யூம் மவுண்ட் ஒன்று மறுக்கப்பட்டால் பல நேரம் லேபிள்தான் காரணம். வால்யூம் வரியின் கடைசியில் சிறிய ‘இசட்’ அல்லது பெரிய ‘இசட்’ சேர்த்தால் சரியாகும். பல கன்டெய்னர்கள் பகிரும் கோப்பகத்துக்குச் சிறியது, ஒன்றுக்கு மட்டும் உரியதற்குப் பெரியது. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடும் அலுவலகங்களில் பலவற்றுக்குத் தேவைப்பட்டது இந்த ஓர் எழுத்துதான்.

லாக்கில் ஆப்ஆர்மர் வரி எதுவும் இல்லை, ஆனாலும் அனுமதி மறுக்கப்படுகிறது என்றால் செக்காம்ப்பைச் சந்தேகியுங்கள். 2021-இல் இது பெரிய அளவில் நடந்தது. புதிய ஜிலிப்சி நூலகம் ‘குளோன்3’ என்ற புதிய சிஸ்டம் காலை அழைக்கத் தொடங்கியது. பழைய டாக்கரின் செக்காம்ப் புரொஃபைலுக்கு அந்தப் பெயரே தெரியாது. ‘அனுமதி இல்லை’ என்று பதில் சொன்னது. ‘அப்படி ஓர் அழைப்பு இல்லை’ என்று சொல்லியிருந்தால் நூலகம் பழைய வழிக்குத் திரும்பியிருக்கும். இதனால் புதிய உபுண்டு, ஃபெடோரா இமேஜ்கள் பழைய டாக்கரில் விழுந்தன. செக்காம்ப்பை அணைத்துத் தப்பித்தவர்கள் பலர். சரியான தீர்வு டாக்கரை 20.10.10-க்கு மேம்படுத்துவதாக இருந்தது. காவல் தடுக்கிறது என்றால் காவலே பழையதாக இருக்கலாம் என்பதையும் பாருங்கள்.

இதோடு ‘நோ-நியூ-பிரிவிலெஜஸ்’ என்ற விருப்பத்தையும் எல்லாக் கன்டெய்னர்களிலும் சேர்க்கப் பழகுங்கள். உள்ளே ஓடும் நிரல் செட்யூஐடி வழியாகப் புதிய அதிகாரம் பெறுவதை அது அடைக்கும். பெரும்பாலான நிரல்களுக்கு அதனால் எந்த இடைஞ்சலும் வராது.

குபர்னெட்டீஸ் வரும்போது

பெரிய அணிகளில் கன்டெய்னரைத் தொடங்குவது குபர்னெட்டீஸ். கன்டெய்னர்கள் ஓடும் சர்வரை அங்கே நோடு என்பார்கள்; ஒரு நோடு இல்லை, பல நோடுகள். உங்கள் புரொஃபைல் எல்லா நோடுகளிலும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், அந்த நோடுக்குப் போய்ச் சேரும் பாட், அதாவது கன்டெய்னர் தொகுப்பு, மட்டும் தொடங்காது. ‘சில நேரம் ஓடுது, சில நேரம் ஓடல’ என்ற புகாருக்கு இது ஒரு வழக்கமான காரணம். செக்யூரிட்டி புரொஃபைல்ஸ் ஆபரேட்டர் என்ற கருவி இந்தப் பகிர்வைத் தானாகச் செய்யும்.

ஆப்ஆர்மர் புரொஃபைலை முன்பு அனொடேஷனாக எழுதினார்கள். 2024-இல் வந்த 1.31 பதிப்பில் அது செக்யூரிட்டி கான்டெக்ஸ்ட்டுக்குள் முறையான ஒரு புலமாக நிலைபெற்றுவிட்டது. பழைய கட்டுரையைப் பார்த்து அனொடேஷனை நகலெடுக்காதீர்கள். செக்காம்ப்புக்கு ‘ரன்டைம்டிஃபால்ட்’ என்று நீங்களே எழுத வேண்டும், அல்லது நிர்வாகி ஒவ்வொரு நோடிலும் ஓடும் கியூப்லெட்டில் அதை இயல்பாக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வடிகட்டி இல்லாமல்தான் ஓடும். சிவிஇ-2022-0185-க்கு அப்போது திறந்து கிடந்த வாசல் இதுதான்.

வேலைச் சந்தையில் இதன் இடம்

சான்றிதழ் வேண்டுவோருக்கு லினக்ஸ் ஃபவுண்டேஷனும் சிஎன்சிஎஃப்பும் 2020 நவம்பரில் தொடங்கிய சிகேஎஸ் என்ற குபர்னெட்டீஸ் பாதுகாப்புத் தேர்வு இருக்கிறது. இரண்டு மணி நேரம், முழுக்கச் செய்முறை. ஆப்ஆர்மரும் செக்காம்ப்பும் பாடத்திட்டத்தில் உண்டு. குபர்னெட்டீஸ் நிர்வாகத் தேர்வான சிகேஏ தேறியிருந்தால்தான் எழுத முடியும். வேலையில் சேர்ந்து, முடிந்தால் நிறுவனத்தின் செலவில் எழுதுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட எடுபடுவது, நீங்களே எழுதிய ஒரு புரொஃபைலும் அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விளக்கமும். என்ஜின்எக்ஸ் பயிற்சியை ஒரு கிட் களஞ்சியத்தில் போட்டு, எந்தத் தடை எந்த வரியால் தீர்ந்தது என்று குறிப்பு எழுதி வையுங்கள். கேள்வி கேட்பவர் அதை வைத்தே அரை மணி நேரம் பேசுவார்.

சட்டமும் இந்தத் திறனுக்கு மதிப்பைக் கூட்டியிருக்கிறது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘சிஇஆர்டி-இன்’ 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய நிறுவனத்துக்கு, கெர்னல் லாக்கில் மறுக்கப்பட்ட வரியை வாசித்துச் சொல்லும் ஆள் தேவை. அவர் சென்னையில் இருந்தால் என்ன, செங்கோட்டையில் இருந்தால் என்ன?

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட்டில் மாணவர்கள் கன்டெய்னர் பயன்படுத்தினால், ‘பிரிவிலெஜ்டு இல்லாமல் ஓட்டிக் காட்டு’ என்று ஒரு நிபந்தனை வையுங்கள். அந்த ஒரு வரி அவர்களை லாக் வாசிக்க வைத்துவிடும்.

வேலையில் இருப்பவர்கள் நாளைக்கே ஒன்று செய்யலாம். உங்கள் பொறுப்பில் உள்ள சர்வரில் ஓடும் கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ செய்து, ஆப்ஆர்மர் புரொஃபைல் என்ற இடத்தில் என்ன பெயர் இருக்கிறது, பிரிவிலெஜ்டு என்ற இடத்தில் ஆம் என்றிருக்கிறதா என்று பட்டியல் எடுங்கள். அன்கன்ஃபைன்டு என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அதைப் போட்டவரைக் குறை சொல்லாமல், ஏன் போட வேண்டியிருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அணித் தலைவரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, அதில் ஒன்றை நீங்களே சரிசெய்து தருவதாகச் சொல்லுங்கள்.